முந்நூறு பஸ்கி

கிரேன் கேபினுக்கு வெளியே, இரும்புப் படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன். மணி பிற்பகல் இரண்டு. காலை ஷிப்டு முடிந்துவிட்டது. என்னை மாற்றிவிட வந்த பாஷா கீழே நின்று, ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

எழுபது சொச்சம் படிகள். பதினெட்டு வருஷமாக ஏறி இறங்குகிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவேன் என்று பெருமை பேசியதுண்டு. அன்று முதல் படியில் வலது காலை வைத்து முட்டியை மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை. தொடை இரண்டும் பலகை மாதிரி இறுகிப்போயிருந்தன. கொஞ்சம் பலவந்தமாக மடக்கியதும், முட்டியிலிருந்து இடுப்பு வரைக்கும் யாரோ நாரைக் கிழிப்பதுபோல ஒரு வலி. காலை மேலேயே இழுத்துக்கொண்டேன்.

"இன்னா மாமு, மேலயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று பாஷா கீழிருந்து குரல் கொடுத்தான்.

"காலு வரல பாஷா."

"இன்னாது?"

"காலு மடங்க மாட்டேங்குதுடா."

அவன் மேலே ஏறி வந்தான். என்னைப் படியைப் பார்க்கத் திருப்பினான். நான் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்க, அவன் எனக்கு ஒரு படி கீழே நின்று, என் காலை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி அடுத்த படியில் வைத்தான். கீழே வரிசையில் நின்ற டிரெய்லர் டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். சிலர் வண்டியை விட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். எனக்கே சிரிப்பு வந்தது.

தரைக்கு வந்துசேரக் கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை இதை வெறும் கால்வலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் மெஷின்

இந்தத் தொடரில் இதுவரை துறைமுகத்தைப் பற்றித்தான் எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரம் என் அக்கா தேசம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த முந்நூறு பஸ்கிக்குக் காரணம் அவள்.

நாங்கள் காசிமேட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவர்கள். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திய வருஷம் அவள் மீன் கூடையைத் தலையில் தூக்கினாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ராயபுரம், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை என்று தெருத்தெருவாக விற்பாள். நான் ஐ.டி.ஐ. படித்ததும், கிரேன் ஓட்டப் பயிற்சிக்குப் போனதும் அந்தக் கூடையின் கீழேதான். அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. குழந்தை இல்லை. மாமா மாரடைப்பில் போய்விட்டார். பிறகும் கூடையை விடவில்லை.

அவளுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது யாருக்கும் தெரியாது. தலைவலி என்பாள். கடையில் ஒரு மாத்திரை வாங்கி டீயோடு போட்டுக்கொள்வாள். வெயிலில் கூடை சுமப்பவளுக்குத் தலைவலி வராமல் இருக்குமா என்று நாங்களும் விட்டுவிட்டோம். காலும் முகமும் வீங்கி ஒருநாள் மீன் ஏலத்துக்குப் போன இடத்திலேயே மயங்கி விழுந்தபோதுதான், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று தெரிந்தது.

அதிலிருந்து டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். அக்கா அதை 'மெசின்' என்றுதான் சொல்வாள். "இன்னிக்கி மெசினுக்கு போவணும்." இடது கையில் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாயை இணைத்த இடம் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே ஏதோ ஓடுவது விரலில் தெரியும்.

சிறுநீரகம் கொடுக்கக்கூடிய ரத்த உறவு நான் ஒருவன்தான். ரத்தப் பிரிவு பொருந்தியது. மற்றச் சோதனைகளும் பொருந்தின. சிறுநீரக டாக்டரம்மா என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்க கிட்னி நல்லா இருக்கு. ஆனா இந்த வெயிட்ல உங்களை ஆபரேஷன் டேபிள்ல ஏத்த மாட்டேன். எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க. மூணு மாசம் டைம். நிதானமா குறைங்க."

நிதானமாக என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைக் காதில் வாங்கிக்கொள்ளாததும் ஞாபகம் இருக்கிறது.

உட்கார்ந்தே செய்யும் வேலை

கிரேன் ஓட்டுகிறவன் என்றால் உடம்பு முறுக்கேறி இருப்பான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. கேபினில் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் இரண்டு குமிழ்கள், காலுக்குக் கீழே கண்ணாடித் தரை. அதன் வழியாகக் கீழே குனிந்து பார்த்து, கன்டெய்னரைத் தூக்கி வண்டியில் வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் அசைவது விரலும் கழுத்தும்தான். தொப்பை தானாக வளரும்.

இன்னொரு விஷயம் உண்டு. இதை எங்கள் ஆட்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். மேலே கழிப்பறை கிடையாது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் வேலையை நிறுத்திவிட்டு எழுபது படி இறங்கி ஏற வேண்டும். கீழே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அதனால் நாங்கள் தண்ணீரைக் குறைத்துவிடுவோம். காலையில் ஒரு டீ. பத்து மணி வாக்கில் தொண்டையை நனைக்க ஒரு மடக்கு. ஏப்ரல் வெயிலிலும் அப்படித்தான். இது கெடுதல் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

இரண்டு மாதத்தில் நடந்தும், இரவுச் சோற்றை நிறுத்தியும் நாலு கிலோ குறைத்தேன். அதற்குமேல் முள் நகரவில்லை. வீட்டுத் தராசில் ஏறுவேன், இறங்குவேன், சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறுவேன். இரண்டு வாரமாக அதே எண். அடுத்த வியாழக்கிழமை டாக்டரம்மா எடை பார்க்கக் கூப்பிட்டிருந்தார். அதற்கு முந்தைய வாரம் அக்காவுக்கு மெஷினிலேயே ரத்த அழுத்தம் விழுந்து, கண் மேலே செருகி, எல்லோரும் ஓடிவரும்படி ஆகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் மொட்டை மாடிக்குப் போனேன். காலடிப்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் கடல் தெரியும், ஒரு பக்கம் மணலி ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூக்கே சொல்லிவிடும். அன்று மணலிக் காற்று.

பஸ்கி எடுக்க ஆரம்பித்தேன். நேராக நின்று, உட்கார்ந்து, எழுவது. அவ்வளவுதான்.

கபடிக் கால்கள்

பஸ்கி எனக்குப் புதிதில்லை. இருபது வயதில் எங்கள் குப்பத்துக் கபடி டீமில் ஆடியிருக்கிறேன். போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்து கடற்கரை மணலில் தினமும் முந்நூறு பஸ்கி. முந்நூறு என்பது எங்கள் டீமின் கணக்கு. அதற்குக் குறைத்தவனை வரிசையில் சேர்க்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் வலி வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் உட்கார்ந்தால் எழ முடியாது. மூன்றாம் நாள் மாடிப்படியைக் கண்டால் அழுகை வரும். நாலாம் நாள் யாரோ அவிழ்த்துவிட்டது மாதிரி விலகும். வலி விலகும் அந்தக் காலைப் பொழுது இருக்கிறதே, அது ஒரு தனி சுகம். புதுக்கால் முளைத்தது போலிருக்கும்.

மாலையில் நான் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அக்கா அண்டாவில் உப்பு போட்டு வெந்நீர் காய்ச்சி வைத்திருப்பாள். காலை நீட்டச் சொல்லி ஊற்றுவாள். அவள் கழுத்து அன்று முழுக்கக் கூடை சுமந்த கழுத்து. அது வலிக்குமா என்று நான் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவளும் சொன்னதில்லை.

மொட்டை மாடியில் அன்று நூறு வரைக்கும் சுகமாகப் போயிற்று. உடம்பு மறக்கவில்லை என்று குஷியாக இருந்தது. நூற்றைம்பதில் தொடை நடுங்க ஆரம்பித்தது. இருநூறில் துணி உலர்த்த வந்த என் மனைவி சுமதி, பிழிந்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"போதுங்க. மூஞ்சி செவந்து பூட்ச்சி."

"முந்நூறு."

"முந்நூறு எட்த்தா இன்னா குட்க்கப் போறாங்க?"

தொடர்ந்து உட்கார்ந்து எழுந்தேன். கடைசி ஐம்பதை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். முந்நூறாவதில் எழுந்தபோது கண்ணுக்குள் பொட்டுப் பொட்டாகப் பறந்தது. உட்கார்ந்தேன். சிரித்தேன். அன்று மாலை எடை பார்த்தால் முக்கால் கிலோ குறைந்திருந்தது. அது வியர்வை என்பது இப்போது தெரிகிறது.

ஞாயிறு காலை பழைய நாட்களைப் போலவே பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கிரேன் ஏறினேன். சாயங்காலம் மருந்துக்கடையில் வலி மாத்திரை இரண்டு வாங்கிப் போட்டேன். திங்கள் காலை இன்னும் இரண்டு. தண்ணீர் வழக்கம்போல ஒரு டீ, ஒரு மடக்கு. மேலே ஏறும்போது கைகளால் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். இறங்குவதற்குத்தான் தொடை வேண்டும் என்பது அப்போது தோன்றவில்லை.

டிகாஷன் நிறம்

பாஷா என்னைத் தரையில் இறக்கிவிட்ட பிறகு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு யார்டு கழிப்பறைக்குப் போனேன். காலையிலிருந்து போகவில்லை. அவன் வெளியே நின்றான்.

வந்தது டிகாஷன் நிறம். பால் விடாத காபி டிகாஷன். கொஞ்சம்தான் வந்தது.

அக்காவோடு இரண்டு வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவனுக்கு அது சாதாரண விஷயமில்லை என்று தெரியாமல் இல்லை. அதைப் பார்த்து நான் நடுங்கிப்போனேன் என்று எழுதினால் அது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். நடுக்கம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. 'கெட்டுப்போய்விட்டது. இனி கொடுக்க வேண்டியதில்லை' என்று ஒரு நினைப்பு. அதோடு நெஞ்சு லேசாயிற்று. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த நிமிஷம் நிம்மதியாக நின்றேன்.

அதற்கப்புறம்தான் பயம் வந்தது. எனக்காகவும் வந்தது, அக்காவுக்காகவும் வந்தது. அதோடு வெட்கமும்.

ஆபரேஷனைப் பற்றி நான் பயந்துகொண்டிருந்தேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எல்லோரிடமும் வீராப்பாகப் பேசியிருந்தேன். கையெழுத்துப் போட்டிருந்தேன். உள்ளே ஒருத்தன் மூன்று மாதமாகத் தப்பிக்க வழி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

வெளியே வந்து பாஷாவிடம் நிறத்தை மட்டும் சொன்னேன்.

"கலீஜா ஏதுனா துன்னியா?"

"இல்ல. பஸ்கி எட்த்தேன்."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. தன் ஷிப்டுக்கு வேறு ஆளைக் கெஞ்சி ஏற்பாடு செய்துவிட்டு ஆட்டோ பிடித்தான். என்னால் காலை மடக்கி உட்கார முடியாது என்பதால், பின் சீட்டில் குறுக்காகக் காலை நீட்டி, பாதத்தை வெளியே விட்டுக்கொண்டு போனேன். பாஷா டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்போடு தொங்கிக்கொண்டு வந்தான். வழியில் சுமதிக்குப் போன் செய்தது அவன்தான். "ஒண்ணியும் இல்லம்மா, சும்மா ஒரு டெஸ்ட்டு" என்றான். அதைச் சொன்ன விதத்திலேயே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

நாலு லிட்டர்

அக்கா மெஷினுக்குப் போகும் அதே பெரிய ஆஸ்பத்திரி. ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். கையில் பாட்டில் ஏற்றினார்கள். சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். என் தொடையை அழுத்திப் பார்த்தார்.

"என்ன பண்ணீங்க?"

சொன்னேன். மாத்திரையையும் சொன்னேன். தண்ணீர் குடிக்காததையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எக்சர்சைஸ் பண்ணா எல்லாருக்கும் வலிக்கும். அது நல்ல வலி. ரெண்டு மூணு நாள்ல போயிடும். உங்களுக்கு நடந்தது அது இல்ல. பழக்கமில்லாத தசையை ஒரே நாள்ல பிழிஞ்சு எடுத்துட்டீங்க. தசை உடைஞ்சு அதுல இருக்கிறதெல்லாம் ரத்தத்துல கலந்திருக்கு. அதை வடிகட்ட வேண்டியது யாரு?"

நான் கையில் ஏறிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்தேன்.

"கிட்னி. நீங்க தண்ணியும் குடிக்கல. அது மேல வலி மாத்திரை. அக்காவுக்குக் கொடுக்கறதுக்காக வச்சிருந்ததை அடைச்சு வச்சிருக்கீங்க."

"கெட்டுப் போச்சிங்களா மேடம்?"

"இன்னிக்குச் சொல்ல முடியாது. நாளைக்கும் சொல்ல முடியாது. தண்ணி ஏத்தறோம். நீங்களும் குடிக்கணும். நாலு லிட்டர். எவ்வளவு போகுதுன்னு அளந்து வைங்க."

சுமதி இரண்டு லிட்டர் பாட்டில்கள் வாங்கிவந்து கட்டிலடியில் அடுக்கினாள். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு டம்ளராக ஊற்றிக் கையில் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிஷம்தானா

அக்காவுக்குச் சொல்லக்கூடாது என்று சுமதியிடமும் பாஷாவிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். மறுநாள் செவ்வாய், அவளுடைய மெஷின் நாள் என்பது எனக்கு மறந்துபோயிற்று. அவளுடைய நர்ஸ் ஒருத்தி என் பெயரை மேல்வார்டில் பார்த்துவிட்டு, அவளிடம் நலம் விசாரித்திருக்கிறாள்.

மத்தியானம் அக்கா வந்தாள். மெஷினிலிருந்து எழுந்து நேராக வந்திருந்தாள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, போர்வையை விலக்கி என் தொடையைப் பார்த்தாள்.

"இன்னாடா பண்ண?"

"பஸ்கி எட்த்தேன்க்கா."

"எத்தினி?"

"முந்நூறு."

"உனுக்கு வயசு இன்னா?"

"நாப்பத்தி நாலு."

"நான் இருவதுன்னு நென்சிகினு கீறேன்" என்றாள். பிறகு குரல் மாறிவிட்டது. "நான் ஒன்னாண்ட கேட்டனா? குடுறான்னு கேட்டனா? நான் பாட்டுக்கு மெசினுக்கு வந்துகினு போய்கினு கீறேன். நாளிக்கி ரெண்டும் அவுட்டாயி நீயும் வந்து பக்கத்து மெசின்ல பட்த்துக்கினா, சுமதி மூஞ்சில நான் எப்டி முயிப்பேன்?"

சுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

அந்த இடத்தில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். கோச்சிக்காத. ஒண்ணுக்கு கருப்பா போனத பாத்ததும், இனிமே குட்க்க வோணாம்னு நிம்மதியா இர்ந்துச்சி. ஒரு நிமிசம்."

அவள் பஞ்சைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. அதைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"ஒரு நிமிசந்தானா?"

"ஆமா."

"நான் தெனம் நென்ப்பேன்டா, ஒன்னாண்ட வாங்கக்கூடாதுன்னு. நல்லா பலமா நென்ப்பேன். அப்பால தாகம் எடுக்கும். வாங்கிக்கலாம்னு தோணும்."

சிறுநீர் போகாதவர்கள் தண்ணீர் குடிக்க முடியாது. குடித்தால் உடம்பிலேயே நிற்கும், மூச்சு முட்டும். அக்காவுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான், டீயும் ரசமும் எல்லாம் சேர்த்து. வெயில் காலத்தில் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கிடப்பாள். எனக்கு அது நினைவு வந்து, கட்டிலடிப் பாட்டிலைக் காலால் உள்ளே தள்ளப் பார்த்தேன். கால் அசையவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றினாள். என்னிடம் நீட்டினாள்.

"அப்பால குடிக்கிறேன்க்கா."

"இப்பவே குடி. நான் பாத்துகினு கீறேன். நீ குட்ச்சா எனுக்கும் கொஞ்சம் தொண்ட நனையும்."

குடித்தேன். அவள் மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்தேன். சுமதி டீயோடு திரும்பியபோது அக்கா மூன்றாவது டம்ளரை ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு மூன்று மாதமாக இல்லாத ஒரு தூக்கம் வந்தது. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன் என்று சொன்னார்கள்.

திரும்பி வந்த கால்கள்

புதன்கிழமை நிறம் டீயாக வெளுத்தது. வியாழன் அன்று எலுமிச்சைச் சாறு மாதிரி ஆயிற்று. அளவுக் குப்பியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரரிடம் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டு, "சோக்கா கீது நைனா" என்றார். வேறு எங்கும் அப்படி ஒரு பேச்சு நடக்காது.

அதே வியாழக்கிழமைதான் எடை பார்க்கும் நாள். வார்டுத் தராசில் ஏற்றினார்கள். ஏற்றிய தண்ணீரெல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ கூடியிருந்தேன். நர்ஸ் சீட்டில் எழுதும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை டாக்டரம்மா ரத்தச் சோதனை சீட்டோடு வந்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தான் வடிகட்டுது. கெடல."

"குட்க்கலாங்களா?"

"அதை இப்போ பேசக்கூடாது. ஆறு மாசம் போகட்டும். மறுபடி எல்லா டெஸ்ட்டும் எடுப்போம். அதுவரைக்கும் நடக்கறது மட்டும்தான். உட்கார்ந்து எழற வேலை செஞ்சீங்கன்னு தெரிஞ்சா நானே வந்து உதைப்பேன்."

சுமதி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அந்த அறையில் எல்லோருடைய மூச்சும் ஒரே நேரத்தில் வெளியே வந்த மாதிரி இருந்தது.

கால்கள் மெதுவாகத்தான் வந்தன. தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்வது. பிறகு வராந்தாவில் சுவரைத் தொட்டுக்கொண்டு பத்து அடி. வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம் மாடி ஏற இறங்கப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்வேன், நண்டு மாதிரி. எங்கள் வீட்டுக் கழிப்பறை குந்தி உட்காரும் வகை. முதல் முறை யாருடைய உதவியும் இல்லாமல் உட்கார்ந்து எழுந்த காலையில், கதவைத் திறந்துகொண்டு வந்து சுமதியிடம் சொன்னேன். பரீட்சை பாஸானவன் மாதிரி சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. அவள் தோசைக் கரண்டியோடு நின்று சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு தினமும் நடந்தேன். கடலோரச் சாலையில் காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி. கேபினுக்கு ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துப் போனேன். இறங்க வேண்டியிருந்தால் இறங்கினேன். வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன். ஆறு மாதத்தில் எட்டு கிலோவும் போயிற்று, சத்தமில்லாமல்.

சோதனைகள் எல்லாம் மறுபடி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்து, இஷ்டமில்லையென்றால் இப்போதும் சொல்லலாம், காரணம் யாருக்கும் தெரியாது, உடம்பு பொருந்தவில்லை என்று நானே எழுதிவிடுகிறேன் என்றார். கொடுக்கிறேன் என்றேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதைச் சொல்ல முடிந்ததே பெரிய இளைப்பாறுதலாக இருந்தது. இந்தத் தடவை உள்ளே எவனும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை.

ஆபரேஷனைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விழித்தபோது வயிற்றில் இடப்பக்கம் வலித்தது. சுமதி என் காதருகில் குனிந்து, "அக்காளுக்கு கிட்னி வேல செய்யுது" என்றாள்.

கிருமி தொற்றிவிடும், மூன்று மாதம் கூட்டத்தில் போகக்கூடாது என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அடைந்து கிடந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடக்க விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். முகத்தில் மாஸ்க். முகமெல்லாம் வியர்வை. காசிமேட்டிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் காலடிப்பேட்டைக்கு நடந்தே வந்திருக்கிறாள். இரண்டு மாடியும் ஏறியிருக்கிறாள். சுமதி கத்தினாள். நான் கத்தினேன். அவள் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஆட்டோவில் போனாள்.

மறுநாள் காலை போன் வந்தது.

"எய்ந்துக்கவே முடியலடா. தொட, கெண்டக்காலு, அல்லாம் புட்ச்சிகிச்சி."

எழுந்து சட்டையைத் தேடினேன். "டாக்டராண்ட போலாமாக்கா? நான் வரட்டுமா?"

"இதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? நடந்தேன், வலிக்குது. மூணு வர்சமா எங்க வலிச்சாலும் பேஜாரா இர்ந்துச்சி. இது அப்டி இல்லடா. நல்லா கீது." கட்டிலில் புரள்வது கேட்டது. ஒரு முனகல், அதன் நடுவில் சிரிப்பு. "நாளன்னிக்கி சரியா பூடும். அப்பால மறுக்கா நடந்து வரேன். சுமதிய நெத்திலி வாங்கி வெக்க சொல்லு."